சுழியத்துக்குக் கீழே

வாதம் என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரோ.
இங்கே யாரும் வாதிடுவதில்லை.
கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சொற்கள், அவ்வளவுதான்.
சுழியத்தில் நிரலின் பெயர்,
பிறகு ஒன்று இரண்டு மூன்றென நீங்கள் தட்டியவை,
கடைசியில் எப்போதும் ஒரு வெறுமை.
அந்த வெறுமை வரைக்கும் நடந்துபோய்
ஒவ்வொன்றாகப் பதம் பிரிக்கிறது
சி மொழியில் நான் எழுதிய நூலகம்.

முன்னால் கோடு இருந்தால் விருப்பம்.
இல்லாவிட்டால் பொருள்.
இரட்டைக் கோடு தனியே வந்தால்
அதற்கப்பால் எல்லாமே பொருள்.
இந்த விதிகளை எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது.
ஔலு நகரில் அது ஜூலை.
ஜன்னல் திறந்திருந்தது. கொசு.

காமனென் சாலைக் கிடங்கிலிருந்து அஸ்லாக்
நவம்பரில் எழுதினார்:
"பனிக்காலத்தில் நிரல் வேலை செய்வதில்லை."
பதிப்பு எண் இல்லை. என்ன தட்டினார் என்பதும் இல்லை.

உப்பா மணலா, எத்தனை கிராம் என்று
சாலைக்குச் சொல்லும் நிரல் அது.
எழுதியவர் வேறு யாரோ;
அதன் காது மட்டும் என்னுடையது.

கடிதத்தை நான் எடுத்துப் பார்த்தது மே மாதம்.
வெளியே எட்டிப் பார்த்து
ஏழு என்று தட்டினேன்.
ஒன்றும் தூவ வேண்டாம் என்றது.
"என்னிடம் ஓடுகிறது" என்று எழுதி மூடிவிட்டேன்.

அடுத்த நவம்பரில் அதே வாக்கியம்,
இம்முறை வாலில் ஓர் எண்ணோடு:
-23

தட்டினேன்.
"2 என்ற விருப்பம் தெரியாது."

நாற்காலியில் சற்று நேரம் அசையாமல் இருந்தேன்.
கழித்தல் குறியைக் கோடு என்று வாசித்திருக்கிறேன்.
குளிரைச் சொன்ன மனிதரிடம்
அப்படியொரு விருப்பமே கிடையாது என்று
இரண்டு பனிக்காலம் பதில் சொல்லியிருக்கிறேன்.

தொலைபேசியில் கேட்டேன்: இதுவரை எப்படிச் சமாளித்தீர்கள்?
"மேற்கோள் குறி. உள்ளே ஒரு வெற்றிடம். பிறகு எண்.
வெற்றிடம் முன்னால் நின்றால் உங்கள் நிரலுக்குக் கண் தெரியாது."
யார் சொல்லிக் கொடுத்தது?
"யாருமில்லை. கையுறையோடு தட்டினேன்."

அன்றிரவே ஆறு வரி.
கோட்டுக்குப் பின் இலக்கம் வந்தால் எண்ணாக எடுத்துக்கொள்.
வெளியிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் குரோனிங்கனிலிருந்து ஃபொக்கே.
மலர்க்கிழங்குப் பட்டியலை ஒற்றைப் பத்தியாக அச்சிட
பதினோரு வருடமாக அவர் தட்டி வருவது -1.
"என் விருப்பத்தை எண்ணாக்கியது யார்?"
அவர் எழுதியதில் ஒரு பிழை இல்லை, ஒரு மரியாதையும் இல்லை,
இரண்டிலும் நியாயம் இருந்தது.

ஆறு வரியையும் அழித்தேன்.
குறியைப் பார்த்து முடிவு செய்யாதே,
முதலில் அட்டவணையைப் பார்:
இலக்கத்தை யாராவது விருப்பமாகப் பதிந்திருக்கிறார்களா?
பதிந்திருந்தால் அது அவர்களுடையது.
இல்லையென்றால் அது குளிர்.

பதினான்கு வரி ஆனது.
பிழைச் செய்தியையும் மாற்றினேன்.
தெரியாது என்று கையை விரிக்காமல்
எந்தச் சொல், எந்த எழுத்து என்று
அடியில் ஓர் அம்புக்குறி;
எண்ணைத்தான் சொல்ல வந்தீர்களென்றால்
முன்னால் இரட்டைக் கோடு இடுங்கள் என்று ஒரு வரி.
இந்த ஒரு வரியைத் திருத்தத்தான் அதிக நேரம் பிடித்தது.
மூன்று தடவை எழுதியும்
அதட்டுவதுபோலவே இருந்தது.

சோதனைகள் நாற்பத்தேழும் பச்சை.
நாற்பத்தெட்டாவதாக ஒன்று சேர்த்தேன்:
மேற்கோள் குறி, வெற்றிடம், -23.
இனி அவருக்கு அது தேவையில்லை.
ஆனால் அவருடைய விரல்களுக்கு அது தெரியாது;
என்னால் அது உடையக் கூடாது.

ஜனவரியில் அஸ்லாக்கிடமிருந்து ஒரு வரி வந்தது.
நன்றி என்ற சொல் அதில் இல்லை.

"இன்று -31. மணல்."